காலனியில் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி இதுதான்: "விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் காலனியில் பிறந்தவன் நான். இப்போது பெங்களூரில் வேலை. எங்கள் காலனியிலிருந்து படித்து வெளியே வந்த சிலரும் அலுவலக நண்பர்களும் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்று ஆசை. காலனிக்குப் பின்னால் இடமும் பார்த்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, இடம் பார்த்ததைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் சொல்லுங்கள், உங்கள் காலனியில் ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதா? விழுப்புரம் பக்கம் என்கிறீர்கள், அநேகமாக இருக்கும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிகள் மட்டும் 1,100-க்கு மேல். அவற்றில் பெரும்பகுதி வட மாவட்டங்களிலும் டெல்டாவிலும்தான். உங்கள் அப்பா அதில் படித்திருப்பார். தாத்தாவைக் கேட்டால் 'லேபர் ஸ்கூல்' என்பார். நீங்களும் அதில் படித்துத்தான் வந்திருக்கலாம், கேள்வியில் அதை எழுதவில்லை.

அந்த மாதிரிப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டாதீர்கள். இருக்கிற பள்ளிக்கூடத்தைச் சுற்றி என்னென்ன இல்லையோ அதற்குச் செலவு செய்யுங்கள். கட்டித்தான் தீரவேண்டும் என்றால் எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எந்தப் பக்கம் கட்டுகிறோம் என்பதைப் பத்து முறை யோசியுங்கள். காலனிக்குப் பின்னால் கட்டும் பள்ளிக்கூடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், காலனிப் பள்ளிக்கூடமாகவே இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, தனிப் பள்ளிகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். யாரும் ஆசைப்பட்டுத் தனியாகக் கட்டவில்லை. 1856-ல் பம்பாய் மாகாணத்துத் தார்வாரில், தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட மகர் சாதியைச் சேர்ந்த ஒரு சிறுவன் அரசுப் பள்ளியில் சேரக் கேட்டான், மறுத்துவிட்டார்கள். விவகாரம் லண்டன் வரை போனது. அரசுப் பணத்தில் மட்டுமே நடக்கும் பள்ளி எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்டார்கள். காகிதத்தில் கதவு திறந்தது, ஊரில் திறக்கவில்லை. 1882-ல் கல்வி நிலைமையை ஆராய ஹண்டர் கமிஷன் வந்தபோது, உரிமை உரிமைதான், ஆனால் எதிர்ப்பு இருக்கும் இடத்தில் தனிப் பள்ளிகளை ஊக்குவிக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டது. நம் பக்கத்துத் தனிப் பள்ளிகளின் வேர் அந்தச் சமாதானத்தில் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்காகவே, அதாவது நம் மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலத்துக்காகவே, பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பின்னாலேயே, 1893-ல், பஞ்சமர் (அன்றைக்கு நம் மக்களுக்கு அரசு வைத்திருந்த பெயர்) கல்விக்குத் தனிச் சலுகைகள் தரும் அரசாணை வந்தது. அதே காலத்தில் மிஷனரிகள் செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் சேரிப் பள்ளிகளை நடத்தினார்கள். அவர்கள் முட்டிக்கொண்ட முதல் சுவர், இடம். சேரி நத்தமே, அதாவது குடியிருக்கும் மனையே, எங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். குடிசை போட்டிருப்பவனே அவர்கள் தயவில் இருக்கும்போது, அங்கே பள்ளிக்கூடம் போட யார் விடுவார்கள்? பள்ளிக்கூடம் வந்தால் நாளைக்குப் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே மிஷன்கள் தனியாக நிலம் வாங்கிக் குடியிருப்பையும் பள்ளியையும் சேர்த்தே அமைக்க வேண்டியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து மெல்ரோசாபுரம் அப்படி வந்த ஊர்தான்.

சென்னையில் 1894-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது ஒன்றிலிருந்து ஐந்தானது. அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு நெருங்கியிருந்த காலம் அது. 1898-ல் இருவரும் இலங்கைக்கே சேர்ந்து போனார்கள். ஆரணிப் பக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தா 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் நின்ற நந்தனாரின் பெயரை, அந்தக் கோயில் இருக்கும் ஊரிலேயே, ஒரு பள்ளிக்கு வைப்பதற்கு அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். தென்னாற்காட்டில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி அந்தப் பள்ளியையோ அதன் விடுதியையோ கடந்து வந்தவராக இருப்பார். சகஜானந்தா பள்ளிக்கூடத்தோடு விடுதியையும் சேர்த்தே நினைத்தார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

1920-களில் அரசு லேபர் டிபார்ட்மெண்ட் வழியாக நேரடியாகவே சேரிகளில் பள்ளிகள் நடத்தியது. இன்னொரு பக்கம், பொதுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லியும் ஆணைகள் போட்டார்கள். ஆனால் பல பொதுப் பள்ளிகள் இருந்தது அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும். பள்ளியில் சேர உரிமை இருக்கிறது, பள்ளி இருக்கும் தெருவில் நடக்க உரிமை இல்லை! இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தாரே, கல்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே சிக்கலை வேறு விதமாக அறுத்தவர் கோலாப்பூர் சாகு மகாராஜா. 1919-ல் தன் சமஸ்தானத்தில் தீண்டப்படாதோருக்கான தனிப் பள்ளிகளை மூடச் சொன்னார், பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க ஆணையிட்டார். அவரிடம் ராஜ அதிகாரம் இருந்தது, செய்தார். நம் பக்கம் தனிப் பள்ளிகள் நின்றுவிட்டன. லேபர் டிபார்ட்மெண்ட் போய், 1949-ல் அரிசன நலத்துறை வந்து, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. பலகையில் பெயர் மாறியதே தவிர, பள்ளிக்கூடம் காலனியை விட்டு நகரவில்லை.

அந்தப் பள்ளிகளால் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு. ஊர்ப் பள்ளியில் பானைத் தண்ணீரைத் தொடமுடியாமல், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, சாதிப் பெயரால் கூப்பிடப்பட்டுப் பாதியில் நின்ற தலைமுறைக்கு, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளி, அதில் அவமானம் இல்லாத நாலு மணி நேரம் என்பது பெரிய விஷயம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73 சதவீதத்தைத் தாண்டியது, மாநிலச் சராசரி 80. அந்த 73-ல் காலனிப் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. அவை செய்யமுடிந்ததைச் செய்து முடித்துவிட்டன என்கிறேன்.

இன்றைக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் ஒரு தொடக்கப் பள்ளி, சுருக்கமாக நலப் பள்ளி, எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ கட்டிய கட்டடத்தில் இரண்டு அறை, மழைக்காலத்தில் அதில் ஒன்று ஒழுகும், ஆகவே எல்லோரும் ஒரே அறையில். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது, பள்ளி விவரங்களை ஏற்றும் அரசின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏறவில்லை என்று போன் வரும். நெட்வொர்க் தேடி வாசலுக்குப் போய் நிற்பார். பள்ளிக்கல்வித் துறைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். நலப் பள்ளிக்கோ மேலே தனி வட்டாட்சியர், அதாவது வருவாய்த் துறைக்காரர். பட்டா, வீட்டுமனை, நில எடுப்பு என்று அவருக்கு ஆயிரம் வேலை. வகுத்தல் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் படித்த படிப்பும் இல்லை. இதுபோக, விடுதிக் காப்பாளர் வேலைக்கு ஆசிரியர்களிலிருந்தே ஆள் எடுப்பார்கள். பள்ளியில் ஒரு நாற்காலி காலியாகும்.

அதனால்தான் காலனித் தெருவுக்குள்ளேயே இப்போது மெட்ரிக் பள்ளி வேன் வருகிறது. சூளையில் கல் அறுக்கிற அம்மாகூடக் கடன் வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறாள். பிறப்பு விகிதமும் குறைந்துவிட்டது. பத்து, பதினைந்து பிள்ளைகளோடு நடக்கும் நலப் பள்ளிகள் நிறைய. உங்கள் புதுப் பள்ளிக்கு மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்தப் பதினைந்து பேரைத்தான் இழுக்கவேண்டியிருக்கும். அவர்கள் போய்விட்டால் அரசுப் பள்ளி மூடப்படும். ஒருமுறை மூடினால் அவ்வளவுதான், திறக்கமாட்டார்கள்.

2023 பட்ஜெட்டில் எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் தலித் பள்ளி மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது. தலித் இயக்கங்களிலேயே இதில் இரண்டு கருத்து உண்டு. தனித் துறை போனால் தனி நிதியும் கைவிட்டுப்போகும், பொதுத் துறையில் நம் பள்ளி கடைசி வரிசைக்குப் போகும் என்று பயப்படுகிறவர்கள் சும்மா பயப்படவில்லை, அனுபவத்தில் சொல்கிறார்கள். எனக்கு இணைப்பது சரி என்றே படுகிறது. படிப்பைக் கண்காணிக்கப் படிப்பு தெரிந்த ஆள் வேண்டும். நிதிக்கு 2024-ல் வந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சண்டை போடலாம்.

சரி, இதையெல்லாம் கேட்டும் தனியார் பள்ளி தொடங்குவோம் என்றால் என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக்கூடாது. மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு கட்டட விஷயத்தில் விளையாட்டே கிடையாது. கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் வேண்டும். கீற்றுக் கொட்டகையில் எளிமையாகத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு அரசு மானியம் கிடைக்காது, ஆசிரியர் சம்பளம் முழுக்க உங்கள் தலையில். கட்டடத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் நிறைய உண்டு, கல்வெட்டில் பெயர் வரும். எட்டாவது வருஷத்து மார்ச் மாதச் சம்பளத்துக்குப் பணம் கொடுக்க யார் வருவார்?

பலர் யோசிக்காத இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தால்தான் மருத்துவம் முதலான தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். நீங்கள் நல்லெண்ணத்தில் ஒரு தனியார் பள்ளி கட்டி, பிள்ளையைப் பன்னிரண்டு வரை அதில் வைத்திருந்தால், அது உங்கள் கையாலேயே அந்தப் பிள்ளையின் மருத்துவ சீட்டைப் பறித்ததாகிவிடும். காலைச் சிற்றுண்டியும் போகும். காலனியில் அது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்பில்.

ஐந்தாவது வரை பிள்ளை காலனிக்குள் படிக்கிறான். ஆறாவதுக்கு ஊருக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்கோ மெயின் ரோட்டுப் பக்கம் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கோ போகவேண்டும். மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டத்துக்குச் சரி. ஆனால் அந்த மூன்று கிலோமீட்டர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது சட்டத்தில் இல்லை. முதல் வாரத்திலேயே வகுப்பில் ஒருவன் கேட்பான், "நீ எந்தத் தெரு?" ஆசிரியர் கேட்பதும் உண்டு, உதவித்தொகை விண்ணப்பத்துக்காக என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி. அதுவரை தன் காலனியில் தலைவனாகத் திரிந்த பையன் அன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொள்கிறான். ஐந்தாவது முடித்தும் சரளமாக வாசிக்க வராது என்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும். காலாண்டுத் தேர்வு வரை போவான். தீபாவளிக்குப் பிறகு வயிற்றுவலி. தை பிறந்ததும் அப்பா அம்மா திருவள்ளூர்ப் பக்கம் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ கிளம்பும்போது இவனும் கூடவே போவான். ஜூனில் திரும்பி வரும்போது பதிவேட்டில் பெயர் இருக்கும், பையன் இருக்கமாட்டான். பெண் பிள்ளை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இடைநிற்றல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு வருஷத்துக்குள் தொடங்குகிறது. இதைப் பிடிக்க இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, நாலாவது ஐந்தாவது படிக்கும்போதே மாலை வகுப்பு. உங்கள் காலனியில் அம்பேத்கர் மன்றம் என்று ஒரு கட்டடம் இருக்கும், கேரம் போர்டும் ஒரு சிலையும் இருக்கும். அங்கே நடத்துங்கள். வெளியூரிலிருந்து வாரக் கடைசியில் வந்து போகும் தன்னார்வலர்கள் வேண்டாம், பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலனியிலேயே டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணைத் தேடுங்கள், கட்டாயம் இருப்பார். மாதாமாதம் தவறாமல் கௌரவமான சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லி ஐந்நூறு ஆயிரத்தில் முடிக்காதீர்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் உள்ளூர்ப் பெண்கள்தான் வகுப்பைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊரில் அப்போது வகுப்பெடுத்தவர் யார் என்று விசாரித்தாலே பாதி வேலை முடிந்தது. பாடம் முழுவதும் வேண்டாம். தமிழ் வாசிப்பு, ஆங்கில எழுத்துக்கூட்டல், நான்கு அடிப்படைக் கணக்கு. இவ்வளவு கைவந்துவிட்டால் ஆறாம் வகுப்பில் அவன் வாய் திறப்பான்.

இரண்டு, விடுதி. அம்பேத்கர் 1925-ல் தன் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா வழியாகச் சோலாப்பூரில் முதலில் திறந்தது மாணவர் விடுதியைத்தான். பள்ளிகள் ஏதோ ஒரு அளவுக்கு இருந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் நம் பிள்ளை தங்கிச் சாப்பிட்டுப் படிக்க இடம்தான் இல்லை என்பது அவருக்கும் சகஜானந்தாவுக்கும் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு, 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். உங்கள் ஒன்றியத்தில் பெண்கள் விடுதி இருக்கிறதா, அதில் காலியிடம் இருக்கிறதா, பெற்றோர் ஏன் அனுப்பத் தயங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் காவலுக்கு ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை என்பார்கள். ஒரு இரவுக் காவலாளியின் சம்பளம், ஒரு மோட்டார், நாலு விளக்கு. மூன்று அறைப் பள்ளிக்கூடம் கட்டும் செலவில் இதைப் பல ஆண்டுகள் நடத்தலாம். சூளைக்குப் போகும் குடும்பங்கள் தை முதல் ஆனி வரை பிள்ளையை விட்டுவிட்டுப் போக நம்பிக்கையான இடம் கிடைத்தால் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்களுக்கு மட்டும் பிள்ளை கல் அறுக்கவேண்டும் என்று ஆசையா என்ன?

இப்போது கட்டடம். கட்டவேண்டிய இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. இருக்கும் பள்ளிக்கு இன்னும் ஒரு வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர். இதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகப் பணம் கொடுக்கலாம். ஊர் அரசுப் பள்ளியிலும் நலப் பள்ளியிலும் இரண்டு அறை இரண்டு அறையாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் பள்ளி எதுவோ அதைப் பெரிதாக்குங்கள். நூலகமோ விளையாட்டுத் திடலோ அமைத்தால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பொதுச் சாலை ஓரத்தில் வையுங்கள். எதிர்ப்பு வரலாம். கேரளத்தில் அய்யங்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனபோது அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகளைப் படிக்கவிடாவிட்டால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்று சொல்லி வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். இன்றைக்கு யாரும் கொளுத்தமாட்டார்கள். மெதுவாகத் தங்கள் பிள்ளைகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வேனில் ஏற்றிவிடுவார்கள். அதற்குத் தயாராக இருங்கள், அப்படியும் நடுவில்தான் வைக்கவேண்டும்.

கழிப்பறை கட்டினால் கழுவுகிறவர் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். ஆள் இல்லாத பள்ளியில் துடைப்பம் எந்தப் பிள்ளை கைக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கழிப்பறைகளைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போன நன்கொடையாளர்கள் யாரும் ஃபினாயில் யார் வாங்குவது என்று கேட்டதில்லை. அதை எழுத்தில் முடிவு செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்கவேண்டாம்.

எந்தப் பணமாக இருந்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கலக்காமல் செய்யாதீர்கள். சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். பல ஊர்களில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் குழுவாக மட்டும் இருக்கிறது. உங்கள் காலனியிலிருந்து அதில் யார் இருக்கிறார்கள், கூட்டத்தில் நாற்காலி கொடுக்கிறார்களா, பேச விடுகிறார்களா என்று பாருங்கள். பணம் கொடுக்கிறவர் கேட்டால் பதில் வரும், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. காலனி என்றால் ஒரே சாதி இல்லை. பறையர் பெரும்பான்மையாக இருக்கும் காலனியின் ஓரத்தில் நாலு அருந்ததியர் வீடு, ஒரு புதிரை வண்ணார் வீடு இருக்கும். அந்தப் பிள்ளைகளை நம்மவர்களே எங்கே உட்கார வைக்கிறோம்? 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரார் தடுத்து, அதிகாரிகள் அவரை மாற்றி, போராட்டத்துக்குப் பிறகு திரும்ப அமர்த்தினார்கள். நாம் கொதித்தோம், சரிதான். ஆனால் நம் மாலை வகுப்பில் அந்த ஓரத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்ப்பதும் நம் வேலைதான். வகுப்புக்குப் பெயர் எழுதும்போது அந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் பார்த்துவைத்திருக்கும் அந்த இடம். காலனிக்குப் பின்னால், விலை குறைவு, உடனே தருகிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அது பஞ்சமி நிலமாக இருக்கலாம். பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது அரசு அந்த நிலத்தை ஒப்படைத்தபோது போட்ட நிபந்தனை. உங்கள் அறக்கட்டளையில் பெங்களூர் நண்பர்கள் எல்லாம் அறங்காவலர்கள் என்றால் கிரயம் நிற்காது. அதைவிட மோசம், நம் நிலம் கைமாறிப் போனதில் நாமே ஒரு கணக்காகிவிடுவோம். ஏரிப் புறம்போக்காகவும் இருக்கலாம், அப்படியானால் நீதிமன்ற உத்தரவோடு ஒருநாள் ஜேசிபி வரும். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது பண்டிகை நாளில் போகாமல் ஒரு சாதாரண வேலைநாளில் போங்கள். நலப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, கடந்த ஐந்து வருஷத்தில் ஐந்தாவது முடித்தவர்கள் பட்டியலைக் கேளுங்கள், ஒவ்வொருவரும் இப்போது எந்த வகுப்பில், எங்கே என்று வீடு வீடாக விசாரித்து எழுதுங்கள். உங்கள் காலனிக்கு அதிகம் போனால் ஒரு முழுநாள் வேலை. அதோடு பக்கத்து விடுதியின் நிலவரம், நிலத்தின் சர்வே எண் இரண்டையும் எனக்கு எழுதுங்கள். சர்வே எண் கிடைத்தால், கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று இருக்கிறது என்பதைச் சேர்ந்தே பார்த்துவிடலாம். ஜூனில் பள்ளி திறக்கும் முன்னால் மாலை வகுப்புக்கு ஆள் பிடித்துவிட்டால் போதும், மற்றது இந்த வருஷம் நடக்கவேண்டும் என்ற அவசரம் இல்லை.